மின்சார மகிழுந்தின் மின்கலம்: ஆயுளைக் கூட்டும் மின்னேற்றப் பழக்கங்கள்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாம் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்த பழமொழி. தேர்வில் அதற்குப் பொருள் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு பலரும் அதை மறந்துவிட்டோம். ஆனால், நம் சாலைகளில் பெருகிவரும் மின்சார மகிழுந்துகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தப் பழமொழி ஒரு பொறியியல் விதியைப் போலவே எனக்குத் தோன்றுகிறது. மின்கலமும் ஒரு வயிறுதான். அதற்கு எவ்வளவு ஊட்டுகிறோம், எவ்வளவு வேகமாக ஊட்டுகிறோம், ஊட்டிய பிறகு எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருக்கிறோம் என்பவற்றைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது.

மலேசியாவில் இந்தப் பேச்சு இப்போது சூடு பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. முழுமையாக இறக்குமதியாகும் மின்சார மகிழுந்துகளுக்கு 2022 தொடங்கி 2025 இறுதி வரை வரி விலக்கு அளிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பி.ஒய்.டி. நிறுவனத்தின் அட்டோ 3 இங்கு விற்பனைக்கு வந்தது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சார மகிழுந்தான இ.மாஸ் 7-ஐ அறிமுகப்படுத்தியது. 2025 டிசம்பரில் பெரோடுவாவும் களத்தில் இறங்கியது. அந்நிறுவனம் வண்டியை விற்று, மின்கலத்தை மட்டும் மாத வாடகைக்குத் தரும் முறையைக் கொண்டுவந்தது. மின்கலத்தைப் பற்றிய அச்சம் வாங்குவோர் மனத்தில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு அந்த வாடகை முறையே போதிய சான்று.

மாமா கேட்ட கேள்வி

என் தாய்மாமா சிலாங்கூரில் இ-ஹெய்லிங் ஓட்டுநர். பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்று நண்பர்கள் சொன்னதால் மின்சார மகிழுந்து வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மின்பொறியியல் படிக்கிறேன் என்பதால் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, காடி கடன் ஒம்பது வருசம்ங்கிறான். பேட்டரிக்கு எத்தனை வருசம்னு நீயாச்சும் சொல்லேன்."

எளிமையான கேள்வி. ஆனால், ஒரு குடும்பத்தின் வருமானமே அதில் அடங்கியிருக்கிறது. மாமாவிடம் தரப்பட்ட கையேடு ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தது. அவரோ தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். நான் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு பிற மொழிகளில் படித்தேன். ஆகவே, நான் வகுப்பில் கற்றதை மாமாவுக்குப் புரியும் தமிழில் எழுதிப் பார்த்தேன். அந்தக் குறிப்புகளே விரிந்து இக்கட்டுரையாகியுள்ளன.

மின்கலத்தின் உள்ளே என்ன நடக்கிறது?

நம் கைப்பேசியிலும் மின்சார மகிழுந்திலும் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். அதில் நேர்முனை, எதிர்முனை என இரண்டு முனைகள் உள்ளன. எதிர்முனை பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. பென்சில் குச்சியில் இருக்கும் அதே பொருள். இரண்டு முனைகளுக்கும் இடையில் மின்பகுளி எனப்படும் திரவம் இருக்கிறது. மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, மின்பகுளி வழியாக நீந்திச் சென்று கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்கின்றன. வண்டியை ஓட்டும்போது அவை திரும்பி வருகின்றன. காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் தொழிலாளர்களைப் போல, அயனிகள் நாள்தோறும் போய் வருகின்றன. வழியில் சில அயனிகள் சிக்கிக்கொண்டு திரும்பாமல் போவதே மின்கலம் மூப்படைவதற்கு முக்கியக் காரணம்.

இந்த மின்கலத்தை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில் குட்இனஃபின் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்று, இன்று அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறார். நேர்முனையில் சல்பேட் போன்ற கூட்டு அயனிகளைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் உயரும் என்று 1980-களின் பிற்பகுதியில் அவரும் குட்இனஃபும் காட்டினர். அவ்வழியில் தொடர்ந்த ஆய்வில்தான், லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற நேர்முனைப் பொருளைக் குட்இனஃபின் குழு 1997-இல் வெளியிட்டது. மேலே நான் குறிப்பிட்ட அட்டோ 3, இ.மாஸ் 7 ஆகிய இரண்டு வண்டிகளும் இந்த வகை மின்கலத்தையே பயன்படுத்துகின்றன.

மூப்பு இரண்டு வகை

மின்கலத்தின் மூப்பை அறிஞர்கள் இரண்டாகப் பிரிக்கின்றனர். முதலாவது, ஓட்டத்தால் வரும் மூப்பு. அயனிகள் உள்ளே புகும்போது கிராஃபைட் ஏறத்தாழ 10 விழுக்காடு உப்புகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. மீண்டும் மீண்டும் உப்பிச் சுருங்கினால் எப்பொருளும் தளர்ந்து, நுண்ணிய விரிசல்கள் விழும். 100-இலிருந்து 0 வரை இறக்கி ஏற்றுவது பெரிய மூச்சு. 70-இலிருந்து 40 வரை இறக்கி ஏற்றுவது சிறிய மூச்சு. சிறிய மூச்சுகள் மின்கலத்தை அவ்வளவாகக் களைப்பாக்குவதில்லை. எனவே, "முழுதும் தீர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும்" என்ற பழைய அறிவுரை இங்கே பொருந்தாது. அது நிக்கல் காட்மியம் மின்கலங்கள் இருந்த காலத்து அறிவுரை.

இரண்டாவது, காலத்தால் வரும் மூப்பு. வண்டி ஓடாமல் நின்றாலும் இது நடந்துகொண்டே இருக்கும். கிராஃபைட்டின் மேற்பரப்பில் மின்பகுளி சிறிது சிறிதாகச் சிதைந்து ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. சமையல் பாத்திரத்தின் அடியில் கரி படிவதைப் போன்றது இது. இந்தப் படலம் ஓரளவு நன்மையானது. அது இல்லாவிட்டால் மின்பகுளி முழுவதும் சிதைந்துவிடும். ஆனால், படலம் தடிக்கத் தடிக்க அதற்குள் லித்தியம் சிறைப்படுகிறது. புதிய வண்டியில் முதல் ஓரிரு ஆண்டுகளில் இழப்பு சற்று வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருப்பதற்கு இப்படலமே காரணம். தடித்த படலம் தானே ஒரு கவசமாகிவிடுகிறது.

இந்தப் படலம் விரைவாக வளர இரண்டு சூழல்கள் துணைபுரிகின்றன. ஒன்று, மின்கலம் நிறைந்திருப்பது. மற்றொன்று, மின்கலம் சூடாக இருப்பது. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இக்கட்டுரையிலிருந்து ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டுவதைக் காட்டிலும், நிறைந்த வயிற்றோடு வெயிலில் சும்மா கிடப்பதே மின்கலத்துக்குப் பெரும் கேடு.

வெப்பம் கற்றுத் தந்த பாடம்

நிசான் லீஃப் 2010-இல் வெளிவந்த முன்னோடி மின்சார மகிழுந்து. அதன் முதல் தலைமுறையில் இருந்த 24 கிலோவாட் மணி மின்கலத்தைக் குளிர்விக்கத் திரவக் குளிர்விப்பு இல்லை. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குறிப்பாகக் கடும் வெயில் அடிக்கும் ஃபீனிக்ஸ் நகரில், இந்த வண்டியின் உரிமையாளர்கள் பலர் தங்கள் மின்கலத்தின் கொள்ளளவு விரைந்து குறைவதைக் கண்டனர். திரையில் இருந்த பன்னிரண்டு கோடுகளில் ஒன்றிரண்டு ஓராண்டு ஈராண்டிலேயே மறைந்தன. குளிர்ந்த மாநிலங்களில் ஓடிய அதே வண்டிகள் இவ்வளவு வேகமாகத் தளரவில்லை. இதன் விளைவாக, ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் கோடுகள் ஒன்பதுக்குக் கீழே போனால் மின்கலத்தைச் சரிசெய்து தருவதாக நிசான் நிறுவனம் அறிவித்தது. மின்கலத்தின் கொள்ளளவுக்கு உத்தரவாதம் தரும் வழக்கம் பரவ இந்நிகழ்வும் ஒரு காரணம்.

நம் நாட்டில் ஃபீனிக்ஸ் அளவுக்கு வெயில் இல்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் பகல் 32, 33 பாகை. இரவிலும் 24 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. குளிர்நாட்டு வண்டிக்கு ஆறு மாதம் ஓய்வு கிடைக்கிறது. நம் வண்டிக்கு அந்த ஓய்வு கிடையாது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியல் வகுப்பில் சொல்லித்தரும் பொதுவான கணிப்பு. 25 பாகைக்கும் 35 பாகைக்கும் உள்ள வேறுபாடு நம் உடலுக்கு வியர்வை மட்டுமே. மின்கலத்துக்கு அது ஆயுள்.

நல்ல செய்தி என்னவென்றால், இன்று விற்பனையாகும் பெரும்பாலான மின்சார மகிழுந்துகளில் திரவக் குளிர்விப்பு உள்ளது. ஆகவே பழைய லீஃபின் கதையை அப்படியே எல்லா வண்டிக்கும் பொருத்திப் பயப்படத் தேவையில்லை. ஆனால், பழைய மின்சார மகிழுந்தை மறுவிற்பனையில் வாங்குபவர்கள், அதில் எவ்வகைக் குளிர்விப்பு இருக்கிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

எண்பதா, நூறா?

நண்பர்களிடையே அடிக்கடி எழும் விவாதம் இது. 80 விழுக்காட்டோடு நிறுத்த வேண்டும் என்பார் ஒருவர். 100 வரை ஏற்ற வேண்டும் என்று நிறுவனமே சொல்கிறது என்பார் மற்றொருவர். இருவரும் சரியாகவே சொல்கிறார்கள். அவர்கள் பேசும் மின்கலங்கள்தாம் வேறு.

முதல் வகை, நிக்கல் கலந்த நேர்முனை கொண்டது. அதை என்.எம்.சி. என்பார்கள். எடை குறைவு, ஆற்றல் மிகுதி. ஆனால், முழுமையாக நிறையும்போது அதன் மின்னழுத்தம் உயர்ந்து, நேர்முனைப் பொருளும் மின்பகுளியும் நெருக்கடிக்கு ஆளாகின்றன. ஆகவே, அன்றாட ஓட்டத்துக்கு 80 விழுக்காடு போதும். நெடுந்தூரப் பயணத்துக்கு முன்பு மட்டும் 100 வரை ஏற்றலாம்.

இரண்டாம் வகை, எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகை. விலை குறைவு, தீப்பற்றும் ஆபத்தும் குறைவு, சுழற்சி ஆயுள் மிகுதி. ஆனால், இதற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் இதன் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எனவே, உள்ளே எவ்வளவு மின்சாரம் மிச்சமிருக்கிறது என்பதைக் கணினி சரியாகக் கணிக்கத் திணறுகிறது. 100 விழுக்காட்டை எட்டும்போதுதான் மின்னழுத்தம் சட்டென உயர்ந்து, கணினிக்குத் தெளிவான அடையாளம் கிடைக்கிறது. இதனால்தான் டெஸ்லா போன்ற நிறுவனங்கள், இவ்வகை வண்டியை வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றச் சொல்கின்றன. கணக்கைச் சரிபார்ப்பதே அதன் நோக்கம். மின்கலத்துக்கு நிறைந்த வயிறு பிடிக்கும் என்று அதற்குப் பொருளன்று. எல்.எஃப்.பி. கலங்களும் எப்போதும் உயர்ந்த நிலையிலேயே ஏறி இறங்கினால் விரைந்து தளர்கின்றன என்று கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழுவினர் 2024-இல் காட்டினர்.

இரண்டையும் இணைத்துப் பார்த்தால் வழி தெளிவாகிறது. எல்.எஃப்.பி. வண்டியை வாரம் ஒருமுறை நிறைத்து, நிறைந்ததும் ஓட்டிச் செல்லலாம். மற்ற நாள்களில் தேவைக்கேற்ப ஏற்றலாம். 100 விழுக்காட்டில் நிறைத்துவிட்டு, ஒரு வாரம் விடுமுறைக்குச் சென்றுவிடுவதுதான் கூடாது.

விரைவு மின்னேற்றம் விஷமா?

வீட்டில் நாம் பயன்படுத்துவது மாறுதிசை மின்னோட்டம். சுவரில் பொருத்தும் மின்னேற்றி பொதுவாக 7 கிலோவாட் தரும். நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் பேரங்காடிகளிலும் இருக்கும் விரைவு மின்னேற்றிகள் நேர்திசை மின்னோட்டத்தை 50, 100, 180 கிலோவாட் என்று மின்கலத்துக்குள் நேரடியாகச் செலுத்துகின்றன. ஒன்று மெல்ல மென்று சாப்பிடுவது. மற்றொன்று அள்ளி விழுங்குவது.

அயனிகளை அவசரமாகத் தள்ளினால், கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புக இடம் கிடைக்காமல் அவற்றில் சில மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடலாம். குளிர்நாடுகளில் இந்த ஆபத்து மிகுதி. நம் நாட்டில் குளிர் இல்லாததால், விரைவு மின்னேற்றத்தில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது அது எழுப்பும் வெப்பத்தை.

இதுபற்றிய கள ஆய்வுகள் சுவையானவை. 2023-இல் ரிக்கரண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 12,500-க்கும் மேற்பட்ட டெஸ்லா வண்டிகளின் தரவுகளை ஆராய்ந்தது. பெரும்பாலும் விரைவு மின்னேற்றம் செய்தவற்றுக்கும் மிக அரிதாகவே செய்தவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால், ஜியோடேப் என்ற கனடிய நிறுவனத்தின் தரவுகளில், வெப்பமான பகுதிகளில் அடிக்கடி விரைவு மின்னேற்றம் செய்த வண்டிகள் கூடுதலாகக் கொள்ளளவை இழந்தன. இவை முரண்போலத் தோன்றினாலும் முரணல்ல என்பதே என் கருத்து. மின்னேற்றத்துக்கு முன்பும் பின்பும் வெப்பத்தைத் திறம்படக் கட்டுப்படுத்தும் வண்டி தாக்குப்பிடிக்கிறது. கட்டுப்படுத்த இயலாத வண்டி தளர்கிறது. எனவே விரைவு மின்னேற்றம் விஷமன்று; அது மருந்து. வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள வேண்டியது.

விரைவு மின்னேற்றியில் 80 விழுக்காட்டைத் தாண்டியதும் வேகம் வெகுவாகக் குறைவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மின்கலத்தைக் காக்க வண்டியே தன் வாயை மெல்ல மூடிக்கொள்கிறது. அந்தக் கடைசி 20 விழுக்காட்டுக்காகக் காத்திருப்பது நமக்கும் நேர விரயம், பின்னால் நிற்பவருக்கும் இடைஞ்சல்.

நெரிசலில் ஓட்டுவோருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. ஒரே சீராக மின்சாரத்தை இறக்கும் ஆய்வகச் சோதனையைக் காட்டிலும், முடுக்கியும் நிறுத்தியும் ஓட்டும் இயல்பான ஓட்டத்தில் மின்கலம் கூடுதல் காலம் உழைக்கிறது என்று ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்டனர். ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடக்கூடும் என்பது அவர்களின் முடிவு. கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நேர நெரிசலில் நமக்குத் தலைவலி வந்தாலும் மின்கலத்துக்கு வருவதில்லை!

மாமாவுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். ஜியோடேப் 2024-இல் வெளியிட்ட கணிப்பின்படி மின்கலங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 1.8 விழுக்காடு கொள்ளளவை இழக்கின்றன. புதிதாக இருக்கும்போது 400 கிலோமீட்டர் ஓடும் வண்டி, அந்த வேகத்தில் எட்டு ஆண்டுக்குப் பின் ஏறக்குறைய 340 கிலோமீட்டர் ஓடும். இது சராசரிதான், நம் வெயிலில் கூடுதலாகக் குறைய வாய்ப்புண்டு. ஆயினும் மின்கலம் ஒரு நாள் திடீரென்று செத்துவிடும் என்று பலரும் அஞ்சுவதைப் போல் இது இல்லை.

மாமா நாளுக்கு 200 கிலோமீட்டர், மாதத்தில் 25 நாள் ஓட்டுகிறார். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட் மணி செலவாகும் என்று கொண்டால், ஒரு நாளுக்கு 30 கிலோவாட் மணி. 60 கிலோவாட் மணி மின்கலத்தில் அது சரிபாதி. ஆண்டுக்கு 150 முழுச் சுழற்சிகள். ஒன்பது ஆண்டுக்கு 1,350. எல்.எஃப்.பி. கலங்கள் பொதுவாக 2,000 சுழற்சிகளுக்கும் மேல் தாங்கக்கூடியவை. ஆக, ஓட்டத்தை மட்டும் பார்த்தால் கடன் முடியும் வரை மின்கலம் தாங்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

ஆனால், காகிதத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், இவற்றில் எது முன்னே வருகிறதோ அது. கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் அந்த உத்தரவாதம் பேசும். அலுவலகத்துக்கு ஓட்டிப் போகிறவருக்கு எட்டு ஆண்டு முன்னே வரும். மாமாவுக்கோ மாதம் 5,000 கிலோமீட்டர். 32 மாதத்திலேயே 160,000 வந்துவிடும். ஒன்பது ஆண்டுக் கடனில் 108 தவணைகள். அவற்றில் 76 தவணைகளை உத்தரவாதம் இல்லாத வண்டிக்குக் கட்ட வேண்டும்.

விற்பனையாளர் வாய்மொழியாக "எட்டு ஆண்டு" என்று மட்டுமே சொல்லியிருந்தார். நான் உத்தரவாதப் புத்தகத்தைப் புரட்டியபோது, வாடகைக்கு ஓட்டும் வண்டிகளுக்குத் தனி வரம்பு சிறிய எழுத்தில் இருந்தது. அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். மாமா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, முன்பணத்தைக் கூட்டி ஐந்து ஆண்டுக் கடனாக எடுக்க முடிந்தால் மட்டுமே வாங்குவது என்று முடிவு செய்தார். அதற்காக இப்போது பணம் சேர்த்து வருகிறார்.

கடைப்பிடிக்க வேண்டிய பழக்கங்கள்

இதுவரை சொன்னவற்றை அன்றாடப் பழக்கங்களாகத் தொகுத்துத் தருகிறேன்.

1. உங்கள் வண்டியின் மின்கலம் எவ்வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். என்.எம்.சி. என்றால் அன்றாடம் 80 வரை. எல்.எஃப்.பி. என்றால் வாரம் ஒருமுறை 100. இரண்டிலும் நிறுவனத்தின் கையேடு சொல்வதே முதன்மை.

2. நிறைத்ததும் ஓட்டுங்கள். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போவதானால், முந்தைய நாள் மாலையிலேயே நிறைத்து வைக்காமல், புறப்படும் நேரத்துக்கு முன் நிறையும்படி வண்டியில் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

3. இரவில் ஏற்றுங்கள். காற்று குளிர்ந்திருக்கும். தேசிய மின்சார வாரியத்தின் நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, 2025 ஜூலையில் வந்த முறைப்படி வார நாள்களில் இரவு 10 மணிக்கு மேல் கட்டணமும் குறைவு.

4. நெடுஞ்சாலையில் விரைந்து ஓட்டி வந்ததும் மின்கலம் சூடாக இருக்கும். வீட்டில் ஏற்றுவதானால் சிறிது நேரம் ஆறவிட்டு ஏற்றுங்கள்.

5. இயன்றவரை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில்தான் நிறுத்த வேண்டும் என்றால், நிறைந்த நிலையில் நிறுத்தாமல் பாதியளவில் நிறுத்துங்கள்.

6. அடிக்கடி 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நீண்ட விடுமுறைக்குச் செல்லும்போது ஏறத்தாழ 50 விழுக்காட்டில் விட்டுச் செல்லுங்கள்.

7. விரைவு மின்னேற்றத்தைப் பயணத்துக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொண்டு, 80-இல் நிறுத்துங்கள்.

8. சாதாரண மூன்று முனைச் செருகியில் ஏற்றினால் ஏறத்தாழ 2 கிலோவாட்தான் கிடைக்கும். 30 கிலோவாட் மணிக்குப் பதினைந்து மணி நேரம் ஆகும். அதற்காக நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்தாதீர்கள்; அது சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

வீட்டு வாசல் இல்லாதவர்களுக்கு

மேலே உள்ள பட்டியலைப் படிக்கும்போது உங்களுக்கே ஒன்று தோன்றியிருக்கும். இரவில் மெதுவாக ஏற்றுவது, நிழலில் நிறுத்துவது, நேரம் அமைத்து நிறைப்பது ஆகியவை எல்லாம் வாசலில் கூரையும் சுவரில் மின்னேற்றியும் உள்ள தரைவீட்டுக்காரருக்கு எளிது. அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியில் குடியிருந்து, கீழே திறந்தவெளியில் வண்டியை நிறுத்துபவர் என்ன செய்வார்? அவருக்கு விலை கூடிய விரைவு மின்னேற்றமே வழி. மின்கலத்துக்கு நல்லது எதுவோ, அதுவே பணமும் இடமும் உள்ளவருக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பது கசப்பான உண்மை. நம் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்கள் அத்தகைய அடுக்குமாடிகளில் வாழ்கின்றன.

இதற்குத் தனியொருவர் பழக்கம் மட்டும் தீர்வாகாது. 2025-க்குள் 10,000 பொது மின்னேற்றிகள் என்று அரசு வைத்த இலக்கு, அவ்வாண்டு முடிந்தபோது எட்டப்படவில்லை. இலக்கின் எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடங்களில் கூரையோடு கூடிய ஒன்றிரண்டு 7 கிலோவாட் மின்னேற்றிகளை வைத்தாலே பலருக்கு உதவும். அதற்கு அடுக்குமாடி நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழுவின் கூட்டத்துக்கு யாராவது போய்ப் பேச வேண்டும். பாதுகாப்பு, செலவு, பயன் ஆகியவற்றை எடுத்துச் சொல்லத் தெரிந்த பட்டதாரிகள் ஒவ்வொரு அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள். அவர்களில் நாமும் உண்டு.

அன்பார்ந்த வாசகர்களே, நாம் விரிவுரை மண்டபத்தில் கற்பதை வீட்டு மொழியில் எடுத்துச் சொல்வதும் தமிழ்ப்பணியே. உங்கள் குடும்பத்தில் ஒருவர் மின்சார மகிழுந்துக்கான கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், உத்தரவாதப் புத்தகத்தை வாங்கி அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். மின்கலம் எவ்வகை, குளிர்விப்பு எவ்வகை, எத்தனை கிலோமீட்டர் வரை உத்தரவாதம், வண்டியை இரவில் எங்கே நிறுத்தி ஏற்றுவார் என்ற நான்கு கேள்விகளையும் அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். நான்குக்கும் விடை கிடைத்த பிறகு அவர் கையெழுத்திடட்டும்.